படியேறாத கோரை

வெள்ளைக்கரடு சிமெண்டு ஆலைக் குடியிருப்பின் மூன்றாம் தெருவில், பதினான்காம் எண் வீட்டுப் புல்தரையில், ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், ஆறாண்டுகளுக்கு முன் அவ்வீட்டைவிட்டு வெளியேறிய பேச்சிமுத்துவின் இடது பாதம் கோரையாய் முளைத்து நின்றது. வெளிக்கதவிலிருந்து ஒரு முழம் உள்ளே, குதிகால் தெருப்பக்கமும் விரல்கள் வீட்டுப்பக்கமுமாக, தச்சன் அச்சு வைத்து அறுத்தாற்போன்ற விளிம்புடன், கரும்பச்சை அருகம்புல்லுக்கு நடுவே வெளிர்பச்சையாய் அது நின்றது. பிறவியிலேயே அவனுடைய சுண்டுவிரல் அடுத்த விரலின்மேல் ஏறிக் கிடந்ததைக்கூடக் கோரை மறந்துவிடவில்லை.

அதை முதலில் கண்டவர் அவனுடைய தகப்பனாரும் ஆலையின் சூளைப் பிரிவு ஃபோர்மேனுமான பால்வண்ணம். முப்பத்தொரு ஆண்டுகளாகக் களை என்று ஒன்றைக் கண்டபோதெல்லாம் என்ன செய்தாரோ அதையே அன்றும் செய்தார். பலகையைப் புல்லின்மேல் போட்டு, அதன்மேல் குத்துக்காலிட்டு அமர்ந்து, முள்கரண்டியை மண்ணில் இறக்கி, இலையைத் தொடாமல் கிழங்கைத் தேடி, கிழங்கிலிருந்து ஓடும் கரிய நூலைப் பின்பற்றி, நூலின் மறுமுனையில் இருந்த அடுத்த கிழங்கையும், அதற்கடுத்ததையும், பாசிமணி மாலையைப் புதையலிலிருந்து உருவுகிறவர் போல உருவி எடுத்துத் தகர டப்பாவில் இட்டு மூடினார். அது யாருடைய பாதம் என்பது அவருக்குத் தெரிந்ததா என்று நாங்கள் பிற்பாடு பலமுறை பேசியிருக்கிறோம். தெரிந்தது என்பதே என் முடிவு. தெரியாதிருந்தால் டப்பாவை அத்தனை அழுத்தி மூடியிருக்கமாட்டார்.

எங்கள் குடியிருப்பில் நூற்று நாற்பது வீடுகள் உண்டு. ஆலையின் புகைபோக்கி இரவும் பகலும் பெய்யும் தூளினால் அங்கே வேப்பமரம் சாம்பல் நிறம், காகம் சாம்பல் நிறம், கொடியில் உலர்ந்த வேட்டியும் சாம்பல் நிறம். குழந்தைகளுக்குப் பச்சை என்றால் என்ன என்று காட்டுவதற்காக ஆலைப் பள்ளி ஆசிரியை ஒருத்தி ஆண்டுதோறும் ஒன்றாம் வகுப்பை வரிசையாக அழைத்துவந்து பால்வண்ணம் வீட்டு வேலிக்கு வெளியே நிறுத்துவாள். அத்தகைய புல்தரை அது. சுண்ணாம்புக் கட்டாந்தரையை இரண்டடி ஆழம் தோண்டி, மண் முழுவதையும் சலித்து, குளத்துக் கரம்பை கொண்டுவந்து கலந்து, கணுக்கணுவாய் நட்டு வளர்த்த அருகு. அவர் அதை ஒருபோதும் ஒட்ட வெட்டியதில்லை, மூன்றில் ஒரு பங்கு நுனியை மட்டுமே எடுப்பார். நாள்தோறும் தெளித்ததில்லை, நான்கு நாளைக்கு ஒருமுறை விடியற்காலையில் ஒரு சாண் ஆழத்துக்கு நீர் இறங்கும்வரை விடுவார். அடர்ந்த புல்லுக்குள் விழுந்த களைவிதைக்கு வெயில் கிடைக்காது, வெயில் படாத விதை கண் விழிக்காது என்பது அவர் கண்ட உண்மை. தம்முடைய வெறும் காலை அப்புல்லின்மேல் அவரே வைத்ததில்லை, பலகையின்மேல்தான் நடப்பார். ஒவ்வொரு குடியரசு தினத்தன்றும் ஆலையின் தோட்டக் குழு வீடு வீடாய் வந்து பார்த்து வழங்கும் வெள்ளிக் கேடயம் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து அவர் வீட்டு அலமாரியை விட்டு நகரவில்லை.

பதினோராவது கேடயத்தின் காலையில்தான் பேச்சிமுத்து போனான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. குழுவின் ஜீப்பு தெருமுனையில் திரும்பிய நேரத்தில் கொடியில் கிடந்த தாயின் சேலை காற்றில் பறந்து புல்தரையின் நடுவே விழுந்துவிட, கேடயம் கைநழுவிவிடுமே என்று தகப்பனுக்காகப் பதறி, வாய்க்காலில் நின்று கழுவிக்கொண்டிருந்த சைக்கிளை விட்டுவிட்டு, சேற்றுக் காலோடு பனி படர்ந்த புல்லின்மேல் ஓடிச் சேலையை எடுத்தான். தை மாதத்துப் பனியில் அவன் தடங்கள் கறுப்பாய்ப் பதிந்தன. பால்வண்ணம் படியில் நின்றபடி, அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னார்.

"மண்ணுக் காலோட இந்தப் படியில ஏறுன, நீ எனக்கு மவனே இல்ல பாத்துக்கோ."

அவன் தன் காலைக் குனிந்து பார்த்தான். சேலையை வெளிக்கதவின்மேல் மடித்துப் போட்டான். பிறகு சிமெண்டுப் பாதையின் வழியாக வெளியே போனான். மதியச் சோற்றுக்கு வந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் எண்ணினோம். ஜீப்பு முதலில் மற்றத் தெருக்களுக்குப் போய்விட்டு ஒரு மணி நேரம் பிந்தி வந்தது. அதற்குள் பனி உலர்ந்து தடங்கள் மறைந்திருந்தன. அவ்வாண்டும் கேடயம் அவருக்கே கிடைத்தது.

அந்தப் பாதம்தான் இப்போது கோரையாய் வந்தது. தோண்டிய நான்காம் நாள் அதே இடத்தில் மறுபடி முளைத்தது, மறுபடி தோண்டினார். மூன்று வாரத்தில் ஆறுமுறை. கிழங்கு ஒன்று மிச்சமில்லாமல் எடுத்துச் சலித்த மண்ணிலிருந்தே அது ஆறுமுறையும் வெளிக்கதவருகே இடது காலை எடுத்துவைத்தது. ஏழாம் முறை தோண்ட அவரால் இயலவில்லை. முட்டுவலிக் காய்ச்சல் கண்டு பதினாறு நாள் கட்டிலில் கிடந்தார். எழுந்து வந்து பார்த்தபோது இடது பாதத்துக்கு முன்னால், ஓர் ஆள் இயல்பாய் நடந்தால் எங்கே வைப்பானோ அங்கே, வலது பாதம் நின்றது. அவர் பலகையை எடுத்தார். மனைவி செண்பகவடிவு அந்தப் பலகையின்மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"ஏங்க, தோண்டாதிய."

"கோரைளா. விட்டா ஒரு மாசத்துல பூரா பரவிரும்."

"கோரைதான். யாரு இல்லன்னா? ஆனா அதுல எம்புள்ள வாரான். ஆறு தடவ அவன வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பிட்டிய. இனிமேத் தொட்டா நான் இந்த மண்ண அள்ளித் தின்னுட்டுச் செத்துருவேன்."

முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுவே முதல்முறை. அவர் முள்கரண்டியைத் துடைத்துச் சுவரில் மாட்டினார்.

செய்தி அன்று மாலை ஷிப்டு விடுவதற்குள் குடியிருப்பு முழுவதும் பரவியது. யாரும் வியந்து நிற்கவில்லை. பிள்ளை ஊருக்கு வருகிறான் என்று கேள்விப்பட்டால் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். பெண்கள் முறுக்கும் பழமும் கொண்டுவந்தார்கள். ஒருவர் பேச்சிமுத்துவின் பழைய கேன்வாஸ் செருப்பைப் பரணிலிருந்து எடுக்கச் சொல்லி, நூல் பிடித்து அளந்து, அரை விரற்கடை வளர்ந்திருக்கிறான் என்றார். ஆலை மருத்துவமனைக் கம்பவுண்டர் குதிகால் பதிந்த ஆழத்தை ஈர்க்குச்சி விட்டுப் பார்த்துக் கணக்கிட்டார்.

"போவும்போது அம்பத்தாறு கிலோ இருந்தான்லா? இப்பம் அறுபத்தெட்டுக்குக் கொறையாது மைனி. எங்கயோ நல்லாத்தான் சாப்பிடுதான்."

அதைக் கேட்ட செண்பகவடிவு ஆறாண்டுகளில் முதல்முறையாக மூன்று வேளையும் உண்டாள்.

தோட்டக் குழுவுக்குத்தான் சங்கடம். அதன் செயலாளர் அந்தோணிப்பிச்சை, விதிப்புத்தகத்தைப் பைபிளுக்கு அடுத்தபடியாக மதிப்பவர், அவசரக் கூட்டம் கூட்டினார். பாதம் களையா, அலங்காரமா என்ற கேள்வியில் இரண்டு மணி நேரம் கழிந்தது. முடிவில், பாத வடிவத்துக்குள் அடங்கி நிற்கும் கோரைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை எனவும், விளிம்பைத் தாண்டியதற்கு வழக்கம்போல் குறைப்பது எனவும் தீர்மானம் நிறைவேறியது.

ஆனால் அத்தீர்மானம் எழுதிய மை உலருமுன்னரே, எந்தெந்த வீட்டிலிருந்து யார் யார் போய்த் திரும்பாமல் இருந்தார்களோ அந்தந்த வீட்டிலெல்லாம் களை எடுப்பது நின்றுபோயிற்று. எத்தனை பேர் எங்களை விட்டுப் போயிருந்தார்கள் என்பதை அப்போதுதான் நாங்கள் எண்ணிப் பார்த்தோம். ஆள் போன வீடுகளை எண்ணுவதைவிட ஆள் போகாதவற்றை எண்ணுவது எளிதாயிருந்தது. பாலும் சோறும் கலந்து புல்லில் ஊற்றினார்கள், பழைய சட்டைகளை ஈர மண்ணில் விரித்தார்கள். மூக்குத்திப்பூண்டு வந்தது, நெருஞ்சி வந்தது, குப்பைமேனி வந்தது. பாதம் மட்டும் வரவில்லை. அடுத்த வீட்டுக் குஞ்சரம், கிரேன் ஓட்டப் போன கணவன் நாக்பூரிலேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டவள், வேலியோரம் வந்து நின்று சொன்னாள்.

"எனக்கு நெருஞ்சியாத்தான் மொளைக்கி மைனி. காலு வைக்க எடமில்லாம. அந்த மனுசன் வரமாட்டான்னு புல்லுக்கே தெரிஞ்சிருக்கு."

ஆறாம் தெருவில் ஒருவர், பங்கு நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு தம்பியைத் துரத்தியவர், தம் புல்தரை முழுவதும் இரண்டுமுறை களைக்கொல்லி அடித்து, போதாதென்று சிமெண்டும் பூசிவிட்டார்.

பாதங்கள் நடந்தன. ஆனால் மிகவும் மெதுவாக நடந்தன. பதினான்கு நாளைக்கு ஓர் அடி. பொங்கலுக்கு மறுநாள் ஐந்தாவது அடி முளைத்தது. வெளிக்கதவிலிருந்து வீட்டுப் படிவரை நாற்பதடி நீளம், பேச்சிமுத்துவின் நடைக்குப் பதினாறு அடிவைப்பு. பால்வண்ணம் நாட்காட்டியை இறக்கி வைத்துக்கொண்டு கூட்டினார். மார்ச்சு மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குப்பின் இரண்டு மாதம் வரையே குவாட்டர்ஸில் இருக்கலாம், மே முப்பத்தொன்றில் சாவியை ஒப்படைக்க வேண்டும். மீதமிருந்த பதினோரு அடிக்கு ஜூன் பதினெட்டு ஆகிவிடும். மகன் வந்து சேரும்போது உள்ளே வேறு யாரோ இருப்பார்கள், பதினெட்டு நாள் வித்தியாசத்தில்.

ஏன் இத்தனை மெதுவாக வருகிறான் என்பது அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள எங்கள் குடியிருப்பில் அவரைவிடத் தகுதியானவர் இல்லை. கோரைக்கு இடம் கொடாத அளவுக்கு அவருடைய புல் அடர்ந்திருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் ஊட்டி வளர்த்த ஆரோக்கியமே ஒவ்வோர் அங்குலத்திலும் அவருடைய மகனின் காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் வெட்டுக்கருவியின் அலகை அடிமட்டத்துக்கு இறக்கினார். மண் தெரியுமளவுக்குப் புல்லை மொட்டையடித்தார். எதையெல்லாம் செய்யக்கூடாதென்று பிறருக்குச் சொல்லிவந்தாரோ அதையெல்லாம் வரிசையாகச் செய்தார். நான்கு நாளைக்கு ஒருமுறை ஆழ விட்ட நீரை நிறுத்திவிட்டு, தினமும் மாலையில் மேலாகத் தெளித்து, வேர்களை மேலே இழுத்துச் சோம்பலாக்கினார். வடிகாலை அடைத்துக் கோரைக்குப் பிடித்த சதசதப்பை உண்டாக்கினார். குடியரசு தினத்தன்று குழு வந்து வேலியோரம் நின்றபோது அவர் தாம் பெற்ற பதினேழு கேடயங்களின் புல்லை மண்வெட்டியின் முதுகால் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தோணிப்பிச்சை மதிப்பெண் தாளை வேலிக்குமேல் நீட்டி, "அண்ணாச்சி, ஒமக்கு நூத்துக்கு எத்தனை போடுறதுன்னு நீரே சொல்லும்," என்றார்.

"சைபரு போடும் வே. அதுக்கு மேல ஒண்ணு போட்டாலும் ஒம்ம கை அழுகிரும்."

வாரத்துக்கு ஓர் அடி என்றாயிற்று. ஆனால் திறந்த மண்ணில் பேச்சிமுத்து மட்டும் வரவில்லை. மாசி பிறந்ததும் புல்தரையின் நாற்பதடியிலும் கோரை கிளம்பியது. யாருடைய பாதமும் அல்லாத வெறும் கோரை, ஒரு சாண், ஒன்றரைச் சாண், முப்பட்டைத் தண்டும் பழுப்புப் பூவுமாய் எழும்பிப் பாதங்களின் விளிம்பை விழுங்கிற்று. ஒருநாள் காலை செண்பகவடிவு வாசலில் வந்து நின்றபோது மகன் எங்கே நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. அவள் எழுப்பிய ஓலம் சூளையின் இரைச்சலைத் தாண்டி ஆலைக்குள் கேட்டது. வேலையைப் போட்டுவிட்டு வந்த பால்வண்ணம் மண்டியிட்டு, விரலால் தடவி, ஒவ்வொரு தண்டாய்ப் பிரித்து, மாலைக்குள் எட்டுப் பாதங்களையும் மீட்டார்.

அன்றுமுதல் இருவருமாகப் பலகையில் முழங்காலூன்றி மகனைச் சுற்றிக் களை எடுத்தார்கள். அது எளிய வேலையன்று. பாதத்துக் கோரையும் பாழ்க் கோரையும் மண்ணுக்கடியில் ஒரே நூலில் கோத்திருந்தன. அயலான் கிழங்கை இழுத்தால் மகனின் விரல் சாய்ந்தது. நூலைத் தொட்டுத் தொட்டு, எது இவன், எது இவன் இல்லை என்று பார்த்து, நகத்தால் அறுத்தார்கள். பங்குனி வெயிலில் இருவர் முதுகும் தோலுரிந்தன. பால்வண்ணம் ஓய்வு பெற்ற நாளில் ஆலை வாசலில் போட்ட மாலையோடு நேரே வந்து களையெடுக்க அமர்ந்தார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார். சித்திரை பத்தாம் தேதியளவில் பதினைந்தாம் அடியும், அதன் பக்கத்திலேயே பதினாறாம் அடியும் படியின் முன்னால் முளைத்தன. இரண்டு பாதங்களும் இணைந்து, விரல் நுனிகள் சிமெண்டுப் படியைத் தொட்டாற்போல நின்றன.

குடியிருப்பே திரண்டு வந்தது. செண்பகவடிவு ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஆரத்தி நீர் தட்டிலேயே வற்றிக் கறையாயிற்று. படி சிமெண்டாயிற்றே, அதில் எப்படி முளைக்கும் என்று சிலர் சொன்னார்கள். பால்வண்ணம் படியின்மேல் கரம்பை மண்ணைக் குவித்து நீர் தெளித்தார். அம்மண்ணில் எறும்பு வந்தது, கோரை வரவில்லை.

பத்தாம் நாள் செண்பகவடிவு கணவரிடம் சொன்னாள். வேலியோரத்தில் நாங்கள் சிலர் இருந்தோம்.

"மண்ணக் கொட்டி என்ன பிரயோசனம்? மண்ணுக் காலோட படியேறாதன்னு சொன்னது யாரு? நின்னுக்கிட்டுல்லா இருக்கான், நீங்க சொல்லுவியளான்னு. ஏறி வாலேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

பால்வண்ணம் எங்களைப் பார்த்தார். முந்நூறு பேரை வேலை வாங்கிய வாய் அது. சொன்னதைத் திரும்ப எடுத்தது என்று சூளைப் பிரிவில் ஒருவரும் அறிந்ததில்லை.

"கோரைகிட்ட எவம்ளா பேசுவான்? ஊரு சிரிக்கதுக்கா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஊர் சிரிப்பதற்கு இல்லை. அவர் சொல்வதற்காக நாங்கள் காத்திருந்தோம். நான்கு வாரம் காத்திருந்தோம். அந்த நான்கு வாரமும் அவர் மகனுக்கு எல்லாப் பணிவிடையும் செய்தார். வெயிலுக்குத் தென்னங்கீற்றில் பந்தல் போட்டார், பூச்சி விழாமல் பார்த்தார், சுற்றிலும் ஒரு பாழ்க் கோரை எழவிடாமல் காத்தார். அந்த ஒரு வார்த்தை தவிர அனைத்தையும் கொடுத்தார். மே முப்பத்தொன்று வந்தது. சாமான்கள் லாரியில் ஏறின. செண்பகவடிவைப் படியிலிருந்து தூக்க நான்கு பெண்கள் தேவைப்பட்டார்கள். லாரி தெருமுனையில் திரும்பும்போது பால்வண்ணத்தின் வாய் அசைந்தது என்று குஞ்சரம் சொல்கிறாள். அசைந்தும் பயன் என்ன? சாவி அப்போது ஆலை அதிகாரியின் சட்டைப் பையில் இருந்தது.

அவர்கள் சந்திப்பிள்ளையார் தெருவில் ஒரு மாடிவீட்டில் குடியேறினார்கள். அங்கே மண் என்பது பூந்தொட்டியில்கூட இல்லை. பதினான்காம் எண் வீட்டுக்கு மின்பிரிவு மேற்பார்வையாளர் காசிம் தம் இளம் மனைவி செய்னம்புவோடு வந்தார். வந்த மூன்றாம் நாள் காலையில் வெளிக்கதவுக்கு வெளியே, தோளில் துண்டும் கையில் முள்கரண்டியுமாகப் பால்வண்ணம் நின்றார்.

"தோட்ட வேலைக்கு ஆள் வேணுமாம்மா? கூலி ஒண்ணும் வேண்டாம். வேலை இல்லாம வீட்டுல இருக்க முடியல."

இவ்வாறு, தம்மிடம் வேலை கற்ற ஆட்கள் வணங்கிச் செல்லும் தெருவில், தாம் முப்பத்தொரு ஆண்டு ஆண்ட புல்தரையில், பால்வண்ணம் களையெடுக்கும் ஆளாய் வந்தார். ஏழு மணிப் பேருந்தில் வருவார், மதியப் பேருந்தில் திரும்புவார். சில நாள் செண்பகவடிவும் வந்து வெளிக்கதவருகே அமர்ந்திருப்பாள். காசிம் ஒரு களைக்கொல்லிக் குப்பியை வாங்கி வைத்திருந்தார். ஆடிக் காற்று அடங்கியதும் தெளிப்பதாக முடிவு. செய்னம்பு இரண்டு மாதத்துக்குமேல் சன்னலிலிருந்து அவரைக் கவனித்துவிட்டு வெளியே வந்தாள்.

"மாமா, ஒரு விசயம் கேக்கணும். பதினேழு வருசம் கப்பு வாங்குனவுகன்னு தெருவுல சொன்னாக. நானும் பாக்கேன், நீங்க கோரைக்கு முடி வெட்டி விடுதிய, ஒரு கெழங்கு எடுக்கக் காணோம். படிகிட்ட நிக்கிற ரெண்டு பாத்தி இருக்குல்லா, அதுக்கு என்னன்னா பெத்த புள்ளைக்கு மாதிரி தண்ணி ஊத்துதிய."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். சேலை பறந்ததிலிருந்து லாரி திரும்பியது வரை, தம்மைச் சற்றும் காத்துக்கொள்ளாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏறி வான்னு ஒரு வார்த்த. அத ஏன் மாமா சொல்லல?"

"சொல்ல வேண்டிய நாளுல வாய் வரல. வாய் வந்த நாளுல வீடு எனக்குச் சொந்தமில்ல. அடுத்தவுக வீட்டுப் படியில ஏறி வான்னு நான் எப்படிம்மா அவன்கிட்ட சொல்ல முடியும்?"

"இதுல என்ன, நான் சொல்லிட்டாப் போச்சு," என்று எழுந்த செய்னம்பு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இணைந்து நின்ற பாதங்களைப் பார்த்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க," என்று மரியாதையாக அழைத்தாள். மூன்று நாள் அழைத்தாள். பாதங்கள் அசையவில்லை. காசிம் குப்பியின் மூடியைத் திருகி, மருந்தளவு படித்துப் பார்த்தார். ஆடி முடிய இரண்டே நாள் இருந்தது.

நான்காம் நாள் காலை, காசிம் வேலைக்குப் போனபின், செய்னம்பு அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி வந்து செண்பகவடிவின் அருகில் நின்றாள்.

"அவனுக்கு என் கொரலு தெரியாதுல்லா. மாமா, உள்ள போங்க. நீங்க வெளிய வாரது வரைக்கும் இது உங்க வீடு. நான் விருந்தாடி."

பால்வண்ணம் பலகையிலிருந்து எழுந்தார். முழங்கால்வரை சேறு. வாழ்நாள் வழக்கப்படி அவருடைய கால்கள் குழாயடிக்குத் திரும்பின. குழாயைத் திறந்தார். நீர் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர்க் குழாயை மூடினார். பலகையில்லாமல், முப்பத்திரண்டாம் ஆண்டில் முதல்முறையாக, வெறும் காலால் அப்புல்தரையில் நடந்து, மகனின் பாதங்களுக்கு அருகே வந்து, அந்தச் சேற்றுக் காலோடு படியேறி, செய்னம்பு சற்றுமுன் துடைத்திருந்த வெள்ளைத் தரையில் மூன்று எட்டு வைத்துத் திரும்பினார். வேலியோரம் நாங்கள் நிற்பதை அவர் கண்டார். குரலைத் தாழ்த்தவில்லை.

"ஏலே பேச்சி. நான் சொன்னது தப்புலே. காலக் கழுவாண்டாம். அப்படியே ஏறி வா."

நாங்கள் மதியம்வரை நின்றோம். காற்று வீசியது, சிமெண்டுத் தூள் பெய்தது, வேறொன்றும் நடக்கவில்லை. பால்வண்ணம் தரையைத் துடைக்கத் துணி கேட்டார். கெடக்கட்டும் மாமா, நான் பாத்துக்கிடுதேன் என்றாள் செய்னம்பு. அவள் துடைக்கவில்லை.

மறுநாள் கணவனும் மனைவியும் ஏழு மணிப் பேருந்தில் வந்து இறங்கியபோது பதினாறு பாதங்களும் காய்ந்து வைக்கோலாய்க் கிடந்தன. மருந்து தெளித்த வாடை இல்லை. குப்பி மூடியபடி இருந்தது. பால்வண்ணம் படியடியில் விழுந்து பத்து விரலாலும் மண்ணைப் பறித்தார். கிழங்கு இல்லை, நூலும் இல்லை, சலித்தெடுத்தாற்போன்ற வெறும் கரம்பை. முழங்கை ஆழம் பறித்தும் ஒன்றுமில்லை. "போயிட்டான்ளா," என்றார். "சொல்லச் சுணங்கிட்டேன். போயிட்டான்." செண்பகவடிவு வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவதற்கு அவளிடம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

உள்ளேயிருந்து செய்னம்பு கூப்பிட்டாள். அவள் குரல் மெல்லியதாய் இருந்தது.

"மாமா, நேத்து நீங்க மூணு எட்டுத்தான வச்சிய?"

அவர் படியில் ஏறாமல் நின்றே பார்த்தார். வெள்ளைத் தரையில் அவருடைய மூன்று தடங்களும், திரும்பி இறங்கிய தடங்களும் நேற்றைய சேற்றில் உலர்ந்து வெடித்துக் கிடந்தன. அவற்றின் ஓரமாக வேறொரு தடவரிசை போனது. அந்தச் சேறு இன்னும் உலரவில்லை. இடது காலின் சுண்டுவிரல் அடுத்த விரலின்மேல் ஏறியிருந்தது. கூடத்தைக் கடந்து, முன்பு செண்பகவடிவின் அடுக்களையாக இருந்த இடத்தின் வாசல்வரை சென்று, அங்கே, ஒருவன் சம்மணமிட்டு அமர்ந்தால் தரையில் எவ்வாறு படியுமோ அவ்வாறு படிந்து நின்றது. வெளியே போன தடம் இல்லை.

செண்பகவடிவு அவரைக் கடந்து, காலைக் கழுவாமல், உள்ளே போனாள். அந்த ஈரத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முந்தானையை ஒதுக்கிக்கொண்டு, செய்னம்புவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா," என்று கேட்டாள், "கொஞ்சம் சோறு இருக்குமா?"